பெயர் மறைத்த வணிகமும் ஊரின் உரிமையும்

வெளிப்படச் சொல்லக் கூசும் ஒன்றைத் தகுந்த சொல்லால் மறைத்துச் சொல்லுதலை இடக்கரடக்கல் என்றனர் தமிழ் இலக்கண நூலார். மங்கலம் இல்லாததை மங்கலமாக்கிச் சொல்லுதலை மங்கலம் என்றனர். ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் விளங்குமாறு ஒரு பொருளுக்கு வேறு பெயரிட்டு வழங்குதலைக் குழூஉக்குறி என்றனர். முன்னவை இரண்டும் கேட்போர்க்கு நாணமும் துயரும் நேராமற் காப்பன. மூன்றாவதோ கேட்போர்க்குச் செய்தியே தெரியாமற் காப்பது. கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பது குழூஉக்குறிக்குக் காட்டப்பெறும் எடுத்துக்காட்டு. ஊரறியச் செய்யக் கூசும் வணிகத்துக்கு முதலில் வேண்டப்படுவது ஒரு பொய்ப்பெயர் என்பதை அவர்கள் அன்றே கண்டிருந்தனர்.

இன்று மேலை நாட்டு நகரங்களில் ‘அகவை வந்தோர்க்கான பொழுதுபோக்கு’ என்னும் பெயரில் ஒரு வணிகம் நடக்கிறது. அகவை வந்தோர் செய்யும் செயல்கள் ஆயிரம் உள. உழுகின்றனர், கற்பிக்கின்றனர், வரி செலுத்துகின்றனர், பிள்ளைகளை வளர்க்கின்றனர். அவற்றுள் ஒன்றுக்கும் அப்பெயர் இல்லை. பெண்ணின் ஆடை களையப்படுவதைக் காசுக்குக் காட்டும் இடத்துக்கே அப்பெயர் உண்டு. அவ்விடம் ‘நன்மக்கள் மன்றம்’ என்றும் தன்னை அழைத்துக் கொள்ளும். நன்மக்கள் என்னும் சொல் அங்குப் படும் பாட்டை விளக்க வேண்டியதில்லை.

ஓர் ஊர் தன் தெருவுக்குள் நுழையும் வணிகத்தை ஆள வேண்டுமாயின், முதலில் அவ்வணிகத்தின் உண்மைப் பெயர் சட்டத்தில் ஏற வேண்டும். பெயரில்லாத ஒன்றுக்கு வாயிலை அடைக்க இயலாது. இவ்வுண்மைக்கு இங்கிலாந்தின் நகர்மன்றங்கள் வழங்கும் உரிமங்களின் வரலாறு தக்க சான்றாக நிற்கின்றது.

இலண்டன் மாநகரின் நடுவே, வெசுட்மின்சுட்டர் நகர்மன்றத்தின் ஆளுகைக்குள், சோகோ என்றொரு சிறு பகுதி உண்டு. இசையரங்குகளும் உணவு விடுதிகளும் பல்வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறிய உழைப்பாளர் இல்லங்களும் நெருங்கிய இடம் அது. 1970-களில் அப்பகுதியின் தெருக்களில் பாலுணர்வுப் பண்டக் கடைகளும் அத்தகைய படங்களைக் காட்டும் சிறு திரைக்கூடங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகின. அங்கு வாழ்ந்த மக்கள் 1972-ஆம் ஆண்டிலேயே சோகோ கழகம் என்னும் அமைப்பை நிறுவித் தம் பகுதியைக் காக்க முனைந்தனர். ஆயினும் நகர்மன்றத்தின் கை கட்டுண்டு கிடந்தது. கரணியம் யாது? நகரமைப்புச் சட்டத்தின் பார்வையில் கடை என்பது கடையே. நூல் விற்ற கடை மூடிப் பாலுணர்வுப் பண்டம் விற்கும் கடையாக மாறினும், கடை கடையாகவே இருந்தது என்று கொண்டு, புதிய இசைவு எதுவும் வேண்டப்படவில்லை.

இதிலுள்ள நகைப்பு ஒன்று நோக்கத்தக்கது. அந்நாட்டின் 1972-ஆம் ஆண்டு நிலப் பயன்பாட்டு ஆணை, பொதுவான கடைகளிலிருந்து சிலவற்றைப் பிரித்து நிறுத்தியது. சுடுபண்டம் விற்கும் கடை, விலங்கின் குடல் விற்கும் கடை, வளர்ப்பு விலங்குகள் விற்கும் கடை, பூனைக்கு இறைச்சி விற்கும் கடை, உந்து வண்டி விற்கும் கடை ஆகியன அவை. குடலின் நாற்றம் அண்டை வீட்டாரை வருத்தும் என்று எண்ணிய சட்டம், பெண்ணுடல் விற்பனைப் பண்டமாகக் கண்ணாடிக்குப் பின்னே அடுக்கப்படுவது அண்டை வீட்டாரை வருத்தும் என்று எண்ணவில்லை. குடல் கடைக்குச் சட்டத்தில் பெயர் இருந்தது; இதற்கு இல்லை. வேறுபாடு அவ்வளவே.

பெயரில்லாத இடத்தில் சட்டம் ஆளாது, கையூட்டே ஆளும். இலண்டன் காவல்துறையில் இழிநூல்களைத் தடுப்பதற்கென்றே அமைந்த பிரிவின் அலுவலர் பலர், அவ்வணிகரிடமே திங்கள்தோறும் பணம் பெற்று வந்தமை வெளிப்பட்டு, 1976, 1977 ஆகிய ஆண்டுகளில் வழக்குமன்றத்தில் நிறுத்தப்பட்டுச் சிறை சென்றனர். ஊரார் வெளிப்படையாக வழங்கவோ மறுக்கவோ இயலாத இசைவை, அலுவலர் மறைவில் விலைக்கு வழங்கினர் என்பதே இதன் பொருள்.

1982-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டமே இந்நிலையை மாற்றியது. அதன் மூன்றாம் பட்டியல் ‘பாலுணர்வுக் கடை’, ‘பாலுணர்வுத் திரைக்கூடம்’ என்று வெளிப்படையாகப் பெயர் சூட்டியது. அவ்வகைப் பண்டங்களின் விற்பனையும் காட்சியும் குறிப்பிடத்தக்க அளவில் நடைபெறும் கடைக்கு உரிமம் வேண்டும் என்றது. அச்சட்டத்தை ஏற்பதும் ஏலாததும் அந்தந்த நகர்மன்றத்தின் விருப்பம். ஏற்ற நகர்மன்றம் உரிமத்தை ஓராண்டுக்கு மேல் வழங்கலாகாது. பதினெட்டு அகவை நிரம்பாதார் உள்ளே நுழையலாகாது. திறக்கும் நேரம், வெளியே வைக்கும் விளம்பரம், தெருவில் செல்வோர்க்கு உட்புறம் தெரியாதிருத்தல் ஆகியவற்றுக்கு மன்றம் கட்டுப்பாடு வகுக்கலாம்.

இவற்றினும் பெரியது மறுக்கும் உரிமை. ஒரு வட்டாரத்தில் அத்தகைய இடங்கள் எத்தனை இருக்கலாம் என்று மன்றமே வரையறுக்கலாம். அவ்வெண் சுழியாகவும் இருக்கலாம் என்று சட்டமே எழுதி வைத்தது. வட்டாரத்தின் இயல்பு, அண்டையிலுள்ள கட்டடங்களின் பயன்பாடு ஆகியவற்றை எண்ணிப் பார்த்து மறுக்கலாம். இக்கரணியங்களால் மறுக்கப்பட்டவர் கீழ்வழக்குமன்றத்தில் மேன்முறையீடு செய்யவும் இயலாது. உரிமம் வேண்டுவோர் செய்தித்தாளில் அறிவிப்பு வெளியிட வேண்டும். கட்டடத்தின் முகப்பில் இருபத்தொரு நாள் அறிவிப்பு ஒட்ட வேண்டும். இருபத்தெட்டு நாள்களுக்குள் எவரும் எதிர்ப்பை எழுதித் தரலாம். எதிர்த்தவரின் பெயரை அவர் இசைவின்றி வணிகர்க்கு வெளியிடலாகாது. வலியவர்க்கு அஞ்சும் எளியவரும் வாய் திறக்க வழி செய்த ஏற்பாடு இது. அப்பத்தாண்டு முடிவதற்குள் சோகோவின் அத்தகைய கடைகள் பெரிதும் குறைந்தன.

ஆயின் வணிகம் உறங்குவதில்லை. பெயர் சூட்டப்பட்ட இடத்தை விட்டுப் பெயர் சூட்டப்படாத இடத்துக்கு அது நகர்ந்தது. 1990-களின் நடுவில் அமெரிக்க நாட்டு வழக்கத்தைப் பின்பற்றி, ஆடை களைந்து பெண்கள் ஆடும் ‘மடியாட்ட’ விடுதிகள் இங்கிலாந்தில் தோன்றின. இவை கடையும் அல்ல, திரைக்கூடமும் அல்ல. எனவே 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர்களுக்குள் அகப்படவில்லை. 2003-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்த உரிமச் சட்டம், மதுவிற்பனை, இசை, ஆடல் அனைத்துக்கும் ஒரே வகை உரிமம் போதும் என்றது. முதியோர் அமர்ந்து உரையாடும் மதுவிடுதிக்கும் இளம்பெண் ஆடை களையும் விடுதிக்கும் ஒரே தாள், ஒரே முத்திரை.

அச்சட்டம் நகர்மன்றம் எண்ணிப் பார்க்கத்தக்க நோக்கங்கள் நான்கே என்று வரையறுத்தது: குற்றம் தடுத்தல், மக்கள் பாதுகாப்பு, பொதுத்தொல்லை தடுத்தல், சிறுவரைத் தீங்கினின்று காத்தல். இந்நான்கில் அடங்காத எதிர்ப்பு எதிர்ப்பாகாது. “மாலையில் பணி முடித்து வரும் பெண்கள் இத்தெருவில் நடக்க அஞ்சுகின்றனர், இது பெண்ணை இழிவு செய்கிறது, எம் வட்டாரத்துக்கு இது ஒவ்வாது” என்று ஊரார் எழுதினால், அஃது ஒழுக்கக் கருத்து, சட்டத்துக்குப் புறம்பானது என்று ஒதுக்கப்பட்டது. இரைச்சல் என்றால் கேட்பர். இழிவு என்றால் கேளார்.

இதனை எதிர்த்துப் பெண்ணுரிமை அமைப்புகள் 2008-இல் நாடு தழுவிய இயக்கம் நடத்தின. அவற்றின் வேண்டுகை மிக எளியது: இவ்விடங்களை மதுவிடுதி என்று அழையாதீர், உள்ளவாறு அழையுங்கள் என்பதே. அதன் பயனாக 2009-ஆம் ஆண்டின் காவல், குற்றச் சட்டத்தில் இருபத்தேழாம் பிரிவு இடம் பெற்றது. அங்கும் பெயர்ப் போராட்டம் ஓயவில்லை. சட்ட முன்வரைவு ‘பாலுணர்வால் நேர்ப்படும் இடம்’ என்று பொருள்படும் சொல்லோடு நாடாளுமன்றம் புகுந்தது. ‘பாலுணர்வுக் களிப்பிடம்’ என்று பொருள்படும் மென்மையான சொல்லோடு வெளிவந்தது. ஆயினும் ‘பாலுணர்வு’ என்னும் முதற்சொல் நிலைத்தது. அஃதே போதுமானதாயிற்று. 2010 ஏப்பிரலில் இங்கிலாந்திலும் அடுத்த திங்களில் வேல்சிலும் அப்பிரிவு நடைமுறைக்கு வந்தது. நகர்மன்றம் ஏற்றுக்கொண்ட இடங்களிலெல்லாம் ஊரார் வாய்க்கட்டு அவிழ்ந்தது. இலண்டனின் ஏக்னி நகர்மன்றம் 2011-இல், ஏற்கெனவே நடந்துவந்தவற்றை விட்டுப் புதியனவற்றுக்குச் சுழியே எல்லை என்று முடிவு செய்தது.

அச்சட்டத்திலும் ஓர் ஓட்டை உண்டு. ஓராண்டில் பதினொரு முறைக்கு மிகாமல், ஒவ்வொரு முறைக்கும் இடையே ஒரு திங்களேனும் விட்டு நடத்துவோர்க்கு இவ்வுரிமம் வேண்டியதில்லை. பெயர் சூட்டிய கையே பெயரை மறைக்கவும் சிறு இடம் விட்டது.

ஊரின் இவ்வுரிமையை வணிகர் வழக்குமன்றம் ஏற்றாமல் விடவில்லை. வட அயர்லாந்தின் பெல்பாசுட்டு நகர்மன்றம், அங்கு நடைமுறையிலிருந்த இதனையொத்த சட்டத்தின்கீழ், நகரின் நடுப்பகுதிக்குச் சுழியே தக்க எண் என்று கொண்டு ஒரு பாலுணர்வுக் கடைக்கு உரிமம் மறுத்தது. கருத்து வெளியிடும் உரிமை பறிபோயிற்று என்று கடைக்காரர் முறையிட்டனர். அன்று உச்ச வழக்குமன்றமாகவும் விளங்கிய பெருமக்களவை, 2007-இல் நகர்மன்றத்தின் பக்கமே தீர்த்தது. தம் வட்டாரத்தின் இயல்பை அறிந்தோர் அவ்வட்டாரத்து மன்றத்தினரே என்பதே அத்தீர்ப்பின் உயிர்நிலை. ஆக்சுபோர்டு நகரில் ஓர் ஆட்ட விடுதியின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்த வழக்கில், 2014-இல் மேன்முறையீட்டு மன்றம் மற்றொன்றைத் தெளிவாக்கியது. முன்னர் வழங்கியவர் பின்னர் மறுக்கலாம். வட்டாரத்தில் பெருமாற்றம் நேராவிடினும் புதிதாய் எண்ணிப் பார்க்கலாம். ஆனால் மனம் மாறியதற்குரிய கரணியத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

இக்கடைசிச் சொல்லே கருதத்தக்கது. ஊரின் உரிமை ஊரின் விருப்பு வெறுப்பு அன்று. எடின்பரோ நகர்மன்றம் 2022-இல் சுழியென எல்லை வகுத்தது. மறு ஆண்டே இசுகாத்துலாந்தின் உயர்ந்த வழக்குமன்றம் அம்முடிவைச் செல்லாதென்றது. உறுப்பினர்க்குத் தரப்பட்ட சட்ட விளக்கமே பிழை என்பது அதன் கண்டுபிடிப்பு. நல்ல நோக்கத்தோடு செய்யினும் முறை பிழைத்தால் முடிவு நில்லாது.

உரிமத்தை வருவாயாக்கினும் நில்லாது. வெசுட்மின்சுட்டர் நகர்மன்றம் 2011–12-ஆம் ஆண்டுக்குப் பாலுணர்வுக் கடை ஒன்றுக்கு வகுத்த உரிமக் கட்டணம் 29,102 பவுன். அதில் வேண்டுகையை ஆராயும் செலவு 2,667 பவுன் மட்டுமே. எஞ்சிய 26,435 பவுன் உரிமமற்ற கடைகளைத் தேடிப் பிடிப்பது உள்ளிட்ட கண்காணிப்புச் செலவுக்கு. கடைக்காரர் தொடுத்த வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் வழக்குமன்றம் வரை சென்றது. கண்காணிப்புச் செலவை உரிமம் பெற்றோரிடம் தண்டலாம் என்று 2015-இல் பிரித்தானிய உச்ச வழக்குமன்றம் கூறியது. பின்னர்த் திருப்பித் தருவதாயினும் அதனை வேண்டுகையோடு முன்னரே கட்டச் சொல்லுதல் முறையன்று என்று 2016-இல் ஐரோப்பிய மன்றம் தீர்த்தது. வணிகர் வென்றனர் என்று இதனை வருந்த வேண்டியதில்லை. உரிமம் காவலுக்கு உரியதேயன்றிக் கருவூலத்துக்கு உரியதன்று என்னும் பாடம் இதில் உள்ளது. ஒரு தீய வணிகத்தால் ஊராட்சிக்குப் பெருவருவாய் வருமாயின், அவ்வாட்சி அதனை ஒருநாளும் மூடாது.

இனி இவ்வணிகத்தின் நடுவே நிற்கும் பெண்களை எண்ண வேண்டும். விடுதிகளை மூடினால் அங்கு ஆடிப் பிழைப்போர் என் செய்வர் என்னும் வினா பொய்வினா அன்று. எடின்பரோ முடிவை எதிர்த்து வழக்காடியோருள் அப்பெண்களின் தொழிலாளர் அமைப்பும் ஒன்று. உரிமம் பெற்ற இடத்தை அடைத்தால் உரிமமற்ற, காவலற்ற இடத்துக்கு யாம் தள்ளப்படுவோம் என்பது அவர் கூற்று. அக்கூற்றை எள்ளி நகையாடுவது அறமன்று. மறுக்கும் மன்றம் அவர்க்கு மாற்று வழி காட்டவும் கடன்பட்டது.

ஆயின் அவர் பெயரைச் சொல்லிப் பொருளீட்டும் விடுதிகள் அவரை எவ்வாறு நடத்தின என்பதும் பதிவில் உள்ளது. இலண்டன் விடுதி ஒன்றில் ஆடிய பெண் ஒருவர், தம்மை முறையின்றி நீக்கியதாக முறையிட்டார். 2012-இல் மேன்முறையீட்டு மன்றம், அவர் அவ்விடுதியின் ஊழியரே அல்லர் என்று தீர்த்தது. ஏன்? விடுதி அவர்க்குக் கூலி தரவில்லை. அவரே ஆடும் ஒவ்வோர் இரவுக்கும் விடுதிக்குக் கட்டணம் செலுத்தினார். காண வந்தோர் தரும் பணத்திலிருந்தே தம் பங்கைப் பெற்றார். உழைப்பவர் உழைக்கும் இடத்துக்கு வாடகை தரும் தொழில் இது. ஊரார் எதிர்க்கும்போது ‘எம் ஊழியர் பிழைப்பு’ என்று முழங்கும் வாய், ஊழியர் உரிமை கேட்கும்போது ‘இவர் எம் ஊழியர் அல்லர்’ என்கிறது. பெயரை மறைப்பது ஊரை ஏய்ப்பதற்கு மட்டுமன்று. உள்ளே உழைப்பவரை ஏய்ப்பதற்கும் அதுவே கருவி.

இங்கிலாந்தின் இவ்வரலாறு தமிழர்க்கு எதற்கு என்று கேட்பார் உளர். மறைக்கப்படும் பெயரும் மறுக்கப்படும் ஊருரிமையும் தமிழ்நாட்டுக்குப் புதியன அல்ல. இங்கு ‘மனமகிழ் மன்றம்’ என்னும் இனிய தமிழ்ப்பெயர் எதற்கு வழங்குகிறது? 1981-ஆம் ஆண்டின் மது உரிம விதிகளின்படி, உறுப்பினர்க்கு மது வழங்க உரிமம் பெற்ற இடத்துக்கு வழங்குகிறது. மனத்தை மகிழ்விக்கும் நூலும் இசையும் ஆட்டமும் பின்னே நிற்க, குப்பியே முன்னே நிற்கும் இடத்துக்கு அப்பெயர். அவ்வுரிமத்தை வழங்கும் துறையின் பெயரோ ‘மதுவிலக்கு’ என்று தொடங்குகிறது. விலக்கு என்னும் பெயரால் வழங்குவதும், மன்றம் என்னும் பெயரால் மயக்குவதும் குழூஉக்குறியன்றி வேறென்ன?

2003-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனையை அரசின் வாணிபக் கழகமே நடத்துகிறது. வழிபாட்டிடம், கல்விக்கூடம் ஆகியவற்றிலிருந்து நகர்ப்புறத்தில் 50 மீட்டரும் பிற இடங்களில் 100 மீட்டரும் தள்ளிக் கடை அமைய வேண்டும் என்பது அவ்வாண்டின் விதி. அளவுநாடா பேசுகிறது, ஊர் பேசுவதற்கு இடமில்லை. ஊரவைகள் பல, எம் ஊரில் மதுக்கடை வேண்டா என்று கூடி முடிவெடுத்துள்ளன. அம்முடிவு மேலிடத்துக்கு முறையீடாகச் செல்கிறதேயன்றி ஆணையாக நிற்பதில்லை. உணவு விடுதிக்கும் அரவை ஆலைக்கும் உள்ளாட்சியின் உரிமம் வேண்டும். மதுக்கடைக்கு ஊரின் ஒப்புதல் வேண்டியதில்லை. குடல் கடையைப் பிரித்தறிந்து பாலுணர்வுக் கடையைப் பிரித்தறியாத பழைய ஆங்கிலச் சட்டத்தை எண்ணி நகைத்தோர், இங்கு நகைக்க இயலாது. உரிமம் வருவாயாகிவிட்டால் ஆட்சி மூடாது என்பதற்கும் வேறிடம் சென்று சான்று தேட வேண்டியதில்லை.

திருவள்ளுவர் பொருட்பாலில் வரைவின் மகளிர், கள்ளுண்ணாமை, சூது என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். காசுக்கு விற்கப்படும் இன்பம், குடி, சூதாட்டம் மூன்றும் ஒரே தெருவில் கடை விரிப்பன என்பதை அவ்வைப்பு முறையே காட்டும். அவர் அவற்றை மனமகிழ் மன்றம் என்றோ, அகவை வந்தோர் பொழுதுபோக்கு என்றோ அழைத்தாரில்லை. கள்ளைக் கள் என்றார். சூதைச் சூது என்றார். பெயரை நேரே சொல்லிய பின்னரே விலக்கச் சொன்னார்.

வேண்டுவன மூன்று. தெருவில் திறக்கப்படும் ஒவ்வொரு வணிகத்தின் பெயரும் அதன் உண்மைத் தொழிலைக் காட்டுமாறு சட்டத்தில் எழுதப்பட வேண்டும். வேண்டும் என்னவும் வேண்டா என்னவும், கரணியம் காட்டி முடிவெடுக்கும் உரிமை ஊரவைக்கும் நகர்மன்றத்துக்கும் சட்டப்படி வழங்கப்பட வேண்டும். அவ்வுரிமத்தால் வரும் பணம் காவற்செலவுக்கு மேல் ஒரு காசும் எவர் கருவூலத்துக்கும் சேரலாகாது. இம்மூன்றையும் முழுதும் அடைந்துவிட்ட நாடு என்று இங்கிலாந்தைச் சொல்ல இயலாது. ஆயினும் சோகோவின் மக்கள் கழகம் கண்ட ஆண்டிலிருந்து பத்தாண்டு ஓயாது கேட்ட பின்னரே அங்கு முதற்பெயர் சட்டத்தில் ஏறியது. அதற்குப் பின் இருபத்தேழாண்டு கழித்தே அடுத்த பெயர் ஏறியது.

ஊரவை கூடும் நாளில் வீட்டில் இருந்துவிட்டு, கடை திறந்த பின் சாலையில் அமர்ந்து அழுவதால் பயன் விளையாது. கூடும் நாளில் செல்க. கடையின் உண்மைப் பெயரைச் சொல்லி அம்முடிவை எழுதச் செய்க. எழுதியதை ஆணையாக்கும் சட்டத்தைக் கேட்க. பெயர் சொல்ல நாணும் ஊர், அப்பெயருக்குரிய இழிவைத் தன் வாயிலில் சுமக்கும்.